சில்லுமூக்கும் மதகும்

மங்கலத்தில் விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் புதிதாக நுழைகிறவர் முதலில் காதைப் பொத்துவார், அப்புறம் மூக்கை. சத்தம் நாலு நாளில் பழகிவிடும். பஞ்சுத் தூசி பழகாது. ஓட்டுச் சட்டத்திலும் டியூப்லைட்டிலும் தறிக்காரரின் புருவத்திலும் ஒரே மாதிரி படிந்து கிடக்கும். திருப்பூரிலிருந்து சோமனூர் போகும் வழியில், நொய்யல் கரையில் இருக்கும் இந்த ஊரில் தறியும் பனியன் வேலையும்தான் பெரும்பாலோருக்குச் சோறு. தும்மலும் மூக்கடைப்பும் அந்தச் சோற்றோடு வரும் தொட்டுக்கை.

அப்படி ஒரு தறிக்காரரை வைத்துக்கொள்வோம். வயது 45. இரண்டு மூக்கிலும் சதை வளர்ந்து, மோப்பமே போய்விட்டது. தூசிதான் சதையை வளர்த்தது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வாமை, ஆஸ்துமா, ஆறாத சைனஸ் அழற்சி என்று காரணங்கள் பாவு நூல் மாதிரி பின்னிக் கிடக்கும். ஏற்கெனவே வீங்கிய மூக்குக்குத் தூசி கூடுதல் தொல்லை, அவ்வளவே. மாத்திரையும் ஸ்பிரேயும் கேட்காமல், எண்டோஸ்கோப் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. முதல் நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து பார்க்கிறார்.

"பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா?"

"காலைல ஒண்ணு சாப்பிடறனுங்க டாக்டர்."

"நாளைக்கு உங்க பிரஷரைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுத்தான் ஆபரேஷன் பண்ணுவோம்."

"ஏற்கெனவே மாத்திரை போட்டுக் குறைச்சுட்டுத்தானுங்க இருக்கறேன். இன்னும் எதுக்குங்க குறைக்கோணும்?"

நியாயமான கேள்வி. இதற்குச் சரியான பதில் கிடைக்க மருத்துவத்துக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின. நடுவில் தப்பான பதில்களும் வந்தன.

மூக்கு என்பது ரத்தம் மிகுந்த உறுப்பு. உள்ளே போகும் காற்றை நுரையீரலுக்கு ஏற்றபடி சூடாக்கி ஈரப்படுத்துவது அதன் வேலை. அதற்காகவே உட்சவ்வு முழுக்க நுண்ணிய ரத்தக் குழாய்கள். கழுத்தில் ஏறும் பெரிய தமனி இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை முகத்துக்கும் இன்னொன்று மூளைக்கும் போகிறது. இரண்டு கிளைகளும் மூக்கில் வந்து மறுபடி சந்திக்கின்றன. நடுத்தண்டின் முன்பக்கம் அவை ஒன்றுகூடும் இடத்துக்கு, 1879இல் அதை விவரித்த நியூயார்க் மருத்துவர் ஜேம்ஸ் லிட்டிலின் பெயரை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்து பட்டு ஒழுகும் ரத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. நம் ஊரில் அதற்கு லிட்டில் தேவைப்படவில்லை. 'சில்லுமூக்கு உடைந்துவிட்டது' என்று சொன்னால் முடிந்தது.

இந்தக் குழாய்க் காட்டுக்குள்தான் எண்டோஸ்கோப் நுழைகிறது. விட்டம் 4 மில்லிமீட்டர், பென்சிலில் பாதிக் கனம். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்க்ளிங்கர் இந்தக் குழலை வைத்துக்கொண்டு சைனஸ்களின் வடிகால் வழிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அவருடைய மாணவர் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவின் டேவிட் கென்னடியும் 1980களில் அதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். கன்னத்து எலும்பை உடைத்துச் சுரண்டும் பழைய முறை போய், அடைந்த வழியை மட்டும் திறந்துவிடும் நுட்பம் வந்தது.

நுட்பம் வந்ததோடு ஒரு பலவீனமும் வந்தது. பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் வெள்ளைத் துணியில் ஒரு எண்ணெய்ச் சொட்டு தெரிந்தால் அந்தப் பீஸை ஒதுக்கிவிடலாம். லென்ஸின் நுனியில் ஒரு ரத்தச் சொட்டு பட்டால் திரை முழுக்கச் சிவப்பு; குழலை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி உள்ளே நுழைய வேண்டும். கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவில் இருப்பது காகிதம் போல மெல்லிய எலும்பு. மருத்துவர்கள் லத்தீனில் வைத்த பெயருக்கே காகிதத் தகடு என்றுதான் பொருள். மேலே, மூளையின் அடித்தளம். அந்த ஓரமாகவே ஒரு சிறு தமனி குறுக்கே ஓடுகிறது. அது அறுந்தால் நுனி சுருங்கிக் கண் குழிக்குள் போய், அங்கே ரத்தம் கட்டி, சீக்கிரம் கவனிக்காவிட்டால் பார்வையே போகலாம். வயிற்று ஆபரேஷனில் 100 மில்லி ரத்தம் ஒரு பொருட்டல்ல. இங்கே 5 மில்லி தப்பான நேரத்தில் கசிந்தாலே கை நின்றுவிடும்.

ஆகவே ரத்தம் குறைய வேண்டும். எப்படி?

ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே இறக்கலாம் என்று 1917இல் எழுதியவர் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடி ஹார்வி குஷிங். 1946இல் கிளீவ்லாண்டின் ஜேம்ஸ் கார்ட்னர் அதைச் செய்தே காட்டினார். அவர் கையாண்ட வழி இன்று கேட்டால் நடுங்க வைக்கும்: தமனியிலிருந்து ரத்தத்தை வடித்துப் பாட்டிலில் பிடித்துவைத்து, மூளைக் கட்டியை எடுத்து முடித்ததும் திரும்ப ஏற்றுவது. ரத்தப்போக்கைத் தடுக்க ரத்தத்தையே எடுத்துவிடுவது! நல்லவேளையாக 1950இல் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஹேல் எண்டர்பி மருந்து கொடுத்து, படுக்கையையும் சாய்த்து, அதே பலனைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் முகம் கருகிய விமானிகளுக்கு ஒட்டறுவை செய்து பேர் வாங்கிய மருத்துவமனை அது. ரத்தம் இல்லாத களத்தின் அருமை அங்கே தெரிந்திருந்தது.

பிறகு வந்தவை குழாய்களை விரிக்கும் மருந்துகள். நைட்ரோகிளிசரினைச் செய்தவர் இத்தாலியின் அஸ்கானியோ சொப்ரேரோ, ஆண்டு 1847. நாக்கில் துளி வைத்துப் பார்த்துத் தலைவலியில் துடித்தார். அதை வைத்து டைனமைட் செய்த ஆலைகளின் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள்கிழமை வேலைக்கு வந்ததும் மண்டை பிளந்தது. தலைக்குள் குழாய்கள் விரிவதால் வந்த வலி அது. 1879இல் லண்டனின் வில்லியம் மரல் அதே பொருளை நெஞ்சுவலிக்குக் கொடுத்தார். இன்று மாரடைப்புக்காரரின் சட்டைப்பையில் இருக்கும் அதே மருந்து சிரிஞ்ச் பம்ப் வழியாக நரம்பில் போய் அழுத்தத்தை இறக்கும். அதன் முரட்டு அண்ணன் சோடியம் நைட்ரோபுருசைடு. நொடிகளில் வேலை செய்யும். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பாட்டிலுக்கு அலுமினியத் தாள் சுற்றுவார்கள். அளவு மீறினால் உடலுக்குள் சயனைடை விடுவிக்கும்.

அழுத்தம் இறங்கியது, மானிட்டரில் எண் அழகாகத் தெரிந்தது. ஆனால் மூக்குக்குள் எட்டிப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். கசிவு நிற்கவில்லை.

ஏன் என்று புரிந்துகொள்ள நொய்யலுக்கே வரலாம். ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு, அதன் மதகிலிருந்து ராஜவாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை மடையாக வயல்கள். மதகு என்பது இதயம். வாய்க்கால், பெரிய தமனி. மடைகள், நுண்தமனிகள். வயல், மூக்கின் உட்சவ்வு. கையில் பட்டை கட்டி அளக்கும் பிரஷர், வாய்க்காலின் நீர்மட்டம். இந்த மட்டத்தை இறக்க இரண்டு வழி உண்டு. மதகை இறக்கலாம். அல்லது எல்லா மடையையும் வெட்டித் திறந்துவிடலாம். இரண்டிலும் வாய்க்காலில் மட்டம் குறையும். ஆனால் இரண்டாவதில் வயல் வெள்ளக்காடாகிவிடும். நைட்ரோபுருசைடு செய்வது இரண்டாவது வேலை. போதாக்குறைக்கு, மட்டம் குறைவதைக் கண்டு பதறும் உடல் இதயத்தை விரட்டும். மதகு இன்னும் அகலமாகத் திறக்கும்.

இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவர் தென் ஆப்பிரிக்க மயக்கவியல் மருத்துவர் ஆந்த்ரே பூஸார்ட். 1995இல் சைனஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 20 பேரில் நைட்ரோபுருசைடையும் எஸ்மோலாலையும் ஒப்பிட்டார். எஸ்மோலால், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான். ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள நொதியே அதை உடைத்துவிடுவதால் சுமார் 9 நிமிடத்தில் பாதி காலியாகிவிடும். எஸ்மோலால் கொடுத்தபோது அழுத்தத்தை அவ்வளவாக இறக்காமலேயே களம் தெளிவாக இருந்தது. நைட்ரோபுருசைடில் அதைவிடக் கீழே இறக்கியும் அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. மதகை இறக்கியவர் ஜெயித்தார். களத்துக்கு மார்க் போட அவர் பயன்படுத்திய 0 முதல் 5 வரையான அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 0 என்றால் ரத்தமே இல்லை; 2 என்றால் எப்போதாவது சக்‌ஷன் வைத்து உறிஞ்ச வேண்டும்; 5 என்றால் உறிஞ்சிக்கொண்டே இருந்தாலும் வேலை நடக்காது. இந்திய மயக்கவியல் இதழ்களைப் புரட்டினால் இந்த மார்க்கை வைத்து மருந்துகளை மோதவிட்ட ஆய்வுகள் வரிசையாக வரும். மருத்துவ மேற்படிப்பு மாணவர்களுக்கு இது பிடித்தமான ஆய்வேட்டுத் தலைப்பு.

அந்த மோதல்களில் இப்போது அடிக்கடி வரும் பெயர் டெக்ஸ்மெடிடோமிடின். இதன் பூர்வீகக் கதை மூக்கிலேயே தொடங்குகிறது. 1960களின் தொடக்கம், ஜெர்மனியின் பேரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம். மூக்கடைப்புக்கு ஒரு புதிய சொட்டு மருந்து தேடி ஹெல்முட் ஷ்டேலே என்ற வேதியியலாளர் ஒரு சேர்மத்தைச் செய்திருந்தார். ஆட்ரிவின் சொட்டில் இருக்கும் சைலோமெட்டாசோலினுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. நிறுவன மருத்துவரின் செயலாளருக்குச் சளி. இதை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்களேன் என்று மூக்கில் விட்டார்கள். அந்த அம்மா ஒரு நாள் முழுக்கத் தூங்கினார். அழுத்தம் விழுந்தது, நாடி மெதுவாகியது, வாய் வறண்டது. சளி மருந்தாகத் தோற்ற அந்தச் சேர்மம் 1966இல் குளோனிடின் என்ற பிரஷர் மருந்தாகச் சந்தைக்கு வந்தது.

குளோனிடின் மூளைத் தண்டில் போய் அமர்ந்து, பரபரப்பை உண்டாக்கும் நாரட்ரினலின் சுரப்பையே அடக்குகிறது. அதே பூட்டுக்கு இன்னும் கச்சிதமான சாவி டெக்ஸ்மெடிடோமிடின். பின்லாந்தில் உருவானது, இதன் தாய் மருந்தான மெடிடோமிடினை அதற்கு முன்பே நாய், பூனைகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் கொடுத்துவந்தார்கள். மனிதர்களுக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் பயன்படுத்த அமெரிக்க அனுமதி கிடைத்தது 1999இல். நம் தறிக்காரர் 60 கிலோ என்றால், வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வீதம் 60 மைக்ரோகிராம். ஓர் அரிசி மணியின் எடையில் முந்நூறில் ஒரு பங்கு. அதையும் 10 நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் அழுத்தம் இறங்குவதற்குப் பதிலாக முதலில் ஏறும், நாடி தாறுமாறாகக் குறையும். சரியாகக் கொடுத்தால் நாடி 60ஐ ஒட்டி நிதானமாக ஓடும், தூக்கம் ஆழமாகும், வலியும் மட்டுப்படும். மூச்சை அது பெரிதாக அமுக்குவதில்லை என்பது இன்னொரு வசதி.

வலி மட்டுப்படும் என்றதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. ஆபரேஷனுக்குள் வலியும் அழுத்தமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். மயக்கத்தில் இருப்பவருக்கு வலி தெரியாது; உடலுக்குத் தெரியும். தொண்டைக்குள் குழாய் வைக்கும் நொடியில் நாடி 70இலிருந்து 110க்குத் தாவலாம், அழுத்தம் பின்னாலேயே ஓடும். வலியை முதலிலேயே அடக்காமல் அழுத்த மருந்தை மட்டும் ஏற்றுவது, அடுப்பைக் கூட்டிவைத்துக்கொண்டு பொங்கும் பாலில் தண்ணீர் தெளிப்பது போல.

வலிக்கு எதுவுமே இல்லாத காலத்தை நினைத்துப் பார்க்கலாம். கோவைக் கோட்டை முற்றுகையிடப்பட்ட மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்புவின் வீரர்களிடம் பிடிபட்டு மூக்கறுபட்டார். பின்னர் புனேயில் ஒரு கைவினைஞர் நெற்றித் தோலை மடித்து இறக்கி அவருக்கு மூக்கு வைத்தார். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசினில் படத்தோடு வெளியான அந்தச் செய்தி ஐரோப்பிய ஒட்டறுவையையே திருப்பிப்போட்டது. மயக்க மருந்து பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

இன்று வலிக்கு முதல் காவல் மூக்கிலேயே வைக்கப்படுகிறது. 1884இல் கார்ல் கொல்லர் கண்ணை மரக்க வைக்கக் கொக்கேயினைச் சொட்டிய பிறகு, காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மரக்கவும் வைக்கும், குழாயையும் சுருக்கும். அதன் போதைப் பழி எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்வீடனில் 1943இல் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெயின் அந்த இடத்துக்கு வந்தது. லிக்னோகெயினில் அட்ரினலினைச் சேர்த்து, பஞ்சுத் துண்டில் நனைத்து, மூக்குக்குள் பத்து நிமிடம் வைப்பார்கள். தறியில் பஞ்சை விரட்டிய மனிதருக்கு இங்கே பஞ்சே சிகிச்சை! வயல் கணக்கில் சொன்னால், ஊர் மதகைத் தொடாமல் அந்த ஒரு வயலின் மடையை மட்டும் மண் வைத்து அடைக்கும் வேலை இது. பல மூத்த அறுவை மருத்துவர்கள், நரம்பில் ஏறும் எந்த மருந்தையும்விட இந்தப் பத்து நிமிடப் பொறுமைதான் பெரிது என்பார்கள். அவர்கள் சொல்வது சரி.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. அட்ரினலின் சவ்வு வழியே ரத்தத்தில் கலந்தால் அழுத்தம் திடீரென்று எகிறும். பதறிப்போய் பீட்டா தடுப்பானைக் கொடுத்தால் ஆபத்து. இறுகிய குழாய்களை எதிர்த்துத் தள்ள வேண்டிய இதயத்தின் கையையும் கட்டிவிட்டது போலாகி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் மயக்கத்தை ஆழமாக்கி, சில நிமிடம் காத்திருந்தாலே போதும்.

மயக்கம் கொடுக்கும் விதமும் கணக்கில் வருகிறது. முகர வைக்கும் வாயுக்கள் மடைகளை விரிப்பவை. புரோபோஃபால் நரம்பு வழியே போகும் பால் நிற மருந்து. சோயா எண்ணெயும் முட்டையின் லெசித்தினும் கலந்த குழம்பு. அதையே தொடர்ந்து ஓடவிட்டு ஆபரேஷனை முடித்தால் பல ஆய்வுகளில் களம் தெளிவாக இருந்திருக்கிறது. கட்டிய ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலமும் இப்போது பட்டியலில் உண்டு. அதை ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ தம்பதியர் 1962இல் கண்டுபிடித்தார்கள், பிரசவத்தில் ரத்தம் இழந்து சாகும் பெண்களுக்காக.

தலைமாட்டை 15 டிகிரி தூக்கிவைப்பது மருந்தே இல்லாத மருந்து. மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாது. ஆனால் மூளையும் அதே மேட்டில்தான் இருக்கிறது. 120/80 உள்ளவரின் சராசரி அழுத்தம் 93. அதை 65 அளவுக்கு இறக்குவார்கள். கையில் 65 என்று மானிட்டர் காட்டும்போது, தலை இதயத்தைவிட 13 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் மூளைக்குக் கிடைப்பது 55தான். ஆரோக்கியமான மூளை சராசரி அழுத்தம் சுமார் 50 வரை இறங்கினாலும் தன் குழாய்களை விரித்துச் சமாளித்துக்கொள்ளும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. பல ஆண்டுகள் உயர் அழுத்தத்தில் பழகிய மூளைக்கு அந்த எல்லை மேலே நகர்ந்திருக்கும். இளைஞருக்குச் சாதாரணமான எண், பிரஷர்காரருக்குப் பட்டினி.

தறிக்காரரின் கேள்விக்கு டாக்டர் சொல்ல வேண்டிய பதிலின் மறுபாதி இதில் இருக்கிறது. அவருடைய அழுத்தத்தை அதிகம் இறக்க மாட்டார்கள். அவர் தினசரி இருக்கும் அளவிலிருந்து ஒரு பங்கு மட்டும் குறைத்து, நாடியை நிதானமாக்கி, மீதியைப் பஞ்சுக்கும் சாய்வுக்கும் விட்டுவிடுவார்கள். இதயக் குழாயில் அடைப்பு, பழைய பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த வித்தையே வேண்டாம் என்று ஒதுக்கும் மருத்துவர்கள் உண்டு.

ரத்தம் வந்தால்தான் நிம்மதி என்றிருந்த மூக்கு ஆபரேஷன்களும் நடந்தன. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், கரும்பூஞ்சையைத் தமிழக அரசு அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. கொங்கு மண்டலத்து நோயாளிகளும் கோவைக்குப் போனார்கள். அந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்க்குள்ளேயே வளர்ந்து அடைத்துவிடும். செத்த சதை கறுத்துப்போகும், வெட்டினால் கசியாது. வெட்டிக்கொண்டே போய், எந்த இடத்தில் சிவப்பாக ரத்தம் துளிர்க்கிறதோ அங்கேதான் உயிருள்ள சதை தொடங்குகிறது என்று கத்தியை நிறுத்துவார்கள். சர்க்கரை எகிறி, நுரையீரல் நொந்து, பூஞ்சை மருந்தால் சிறுநீரகமும் தளர்ந்த அந்த நோயாளிகளிடம் அழுத்தத்தை இறக்கி விளையாட யாருக்கும் துணிவில்லை.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் குளங்களில் குளித்தவர்களிடமும் இலங்கையிலும் அதிகம் காணப்படும் ரைனோஸ்போரிடியோசிஸ் இதற்கு நேர் எதிர். மூக்குக்குள் ஸ்ட்ராபெரி மாதிரி புள்ளி போட்ட சதை, தொட்டாலே ரத்தம். அடிவேர் வரை தெரிந்து கருக்கினால்தான் திரும்ப வரும் வாய்ப்பு குறையும். தெளிந்த களத்துக்கு அங்கே இரட்டை மதிப்பு.

மங்கலத்துத் தறிக்காரரின் ஆபரேஷன் முடியப்போகிறது. கடைசிக் கட்டத்தில் பம்புகளை நிறுத்தி, அழுத்தம் பழைய நிலைக்கு ஏறும்வரை காத்திருக்கிறார்கள். தாழ்ந்த அழுத்தத்தில் ஒளிந்துகொண்ட குழாய் ஏதாவது இருந்தால் இப்போதே காட்டிக்கொடுத்துவிடும். இரவு வார்டில் திறப்பதைவிட மேசையில் திறப்பது மேல். ஓர் இடத்தில் மெல்லக் கசிகிறது. கருக்குகிறார்கள். இரண்டு மூக்கிலும் ரத்தத்தை அடக்கும் பேக் வைத்தாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் 5 நிமிடத்துக்கு ஒரு முறை குறித்த தாளில், அழுத்தக் கோடு பள்ளத்தில் இறங்கி மறுபடி மேடேறி நிற்கிறது.

மறுநாள் பேக் எடுக்கும்போதுதான் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. எடுத்து முடித்ததும் முதல் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "தறிக்கு எப்பங்க போலாம்?" என்றார். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பாவு பீமைத் தூக்கவே கூடாது, உப்புத் தண்ணீரில் தினம் மூக்கைக் கழுவ வேண்டும் என்று நர்ஸ் அடுக்கினார். தறிக்கொட்டகை வாசலைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு மிதிக்கக் கூடாது என்றதும், அவர் மனைவி பக்கம் திரும்பி, ஓனருக்குப் போன் போடச் சொன்னார்.